‘விழுந்து முளைக்கிற பல்தானே!’ - குன்னூர்க் குளிரும் குழந்தையின் முதல் பல்லும்

காலை 7 மணி. குன்னூர் மலைச்சரிவில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. லைன் வீடுகளில் அடுப்பு எரிகிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு கிளம்பத் தயாராகிறார்கள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை அழுகிறது. குளிர், பசி, அம்மா கிளம்புகிறாள் என்ற பயம் எல்லாம் சேர்ந்த அழுகை. பாட்டி என்ன செய்வார்? சூடாக, இனிப்பாக, பால் கலந்த டீயைக் கொஞ்சம் ஆற்றிப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைப்பார். இல்லாவிட்டால் வர்க்கியை டீயில் நனைத்து ஊட்டுவார். அழுகை நின்றுவிடும்.

எஸ்டேட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. குன்னூர் டவுனிலும், வெலிங்டனிலும், கீழே மேட்டுப்பாளையத்திலும், சென்னை அடுக்குமாடி வீடுகளிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். டீக்குப் பதில் சர்க்கரை போட்ட பாலோ, ஹெல்த் டிரிங்க்கோ, ஜூஸோ இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் போகும். ஒருநாள் குழந்தை சிரிக்கும்போது மேல் முன்பற்களில் பழுப்பாக ஏதோ தெரியும். ‘அது விழுந்து முளைக்கிற பல்தானே... போகட்டும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைகளின் பற்களுக்குச் சர்க்கரையைவிட அதிகக் கெடுதல் செய்வது இந்த ஒரு வாக்கியம்தான்.

பால்பல் எத்தனை வருடம் வேலை பார்க்கிறது தெரியுமா?

குழந்தைக்குச் சுமார் 6 மாதத்தில் முதல் பல் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் கீழ் முன்பற்கள் இரண்டும்தான் முதலில் வரும். இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் முளைத்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்குவதால், எல்லாப் பால்பல்லுக்கும் ஆயுள் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்தாம், ஆறாம் வகுப்பு படிக்கும்வரை பிள்ளை சோற்றை மெல்லுவது அவற்றால்தான்.

பால்பல்லுக்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. ஒன்று, அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது. பால் கடைவாய்ப்பல்லைச் சொத்தையால் சீக்கிரம் இழந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குள் சாய்ந்துவிடும். பிறகு வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். இன்னொன்று பேச்சு. ‘த’, ‘ச’ போன்ற ஒலிகளைக் குழந்தை பழகும் வயதில் முன்பற்கள் அங்கே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் வலி. இரண்டு வயதுக் குழந்தைக்கு ‘பல் வலிக்குது’ என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டை ஒரு பக்கமாகவே மெல்லும். வாயில் அதக்கி வைத்துக்கொள்ளும். இரவில் எழுந்து அழும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் முகத்தைச் சுளிக்கும். ‘சாப்பிடவே அடம் பிடிக்கிறான்’ என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். எடை ஏறாத, தூங்காத, எரிச்சல்படும் பல குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும். சொத்தை ஆழமாகிச் சீழ் பிடித்தால் கன்னம் வீங்கும், காய்ச்சல் வரும். அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது கெடுத்துவிடலாம்.

இது அரிதான நோயும் இல்லை. உலக அளவில் 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்கிட்டது. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவிகிதம் பேருக்குச் சொத்தை இருந்தது. அதாவது, இரண்டில் ஒரு குழந்தைக்கு.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

சொத்தையை உண்டாக்குவது ‘பல் பூச்சி’ இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள். பிறக்கும்போது குழந்தையின் வாயில் இவை இருப்பதில்லை. பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெரியவர்களின் எச்சில் வழியாகத்தான் போகின்றன. ஸ்பூனை நாம் ஒருமுறை சுவைத்துவிட்டு அதே ஸ்பூனில் ஊட்டுவது, கீழே விழுந்த நிப்பிளை வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பது எல்லாம் அதற்கு வழி. அதனால் கர்ப்பமாக இருக்கும்போதே அம்மா தன் பற்களைக் காட்டி, சொத்தை இருந்தால் சரிசெய்துகொள்வது குழந்தைக்குச் செய்யும் முதல் உதவி.

இந்தப் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடும். அமிலம் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கழுவி, பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவிடும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் இனிப்புப் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தை தூங்கினால், அமிலம் மணிக்கணக்கில் பல்லின் மேலேயே தங்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றுகிறது. மேல் முன்பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் சொத்தை அங்கே முதலில் தொடங்குகிறது.

‘அப்போ தாய்ப்பாலும் கெடுதலா?’ என்று பயப்பட வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் தொடரலாம். பல் முளைத்த பிறகு பற்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், வேறு இனிப்புகளைச் சேர்க்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. பால்புட்டி விஷயம் வேறு. பால்புட்டி விளம்பரத்துக்கே இந்தியாவில் 1992-ல் சட்டம் போட்டுத் தடை விதித்திருக்கிறார்கள்.

குன்னூர் லேபில் இனிப்பு டீ

இனிப்பு டீ பற்றி உலகம் ஒரு பாடம் படித்தது இந்தக் குன்னூரில்தான் என்பது பலருக்குத் தெரியாது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் 1918-ல் ஒரே ஓர் அறையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, எது எப்படி வளர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

அதில் ஒரு சோதனை பிரபலமானது. ஒரு கூட்டம் எலிகளுக்கு முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, காய்கறி என்ற உணவு. இன்னொரு கூட்டத்துக்கு வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டின்னில் அடைத்த இறைச்சி, வேகவைத்த காய்கறி, சர்க்கரை போட்ட டீ. அன்றைய பிரிட்டனின் ஏழைகள் சாப்பிட்ட உணவு அது. முதல் கூட்டம் நன்றாக வளர்ந்தது. இரண்டாவது கூட்டம் வளர்ச்சி குன்றி, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தது. அது பல்லுக்கான ஆராய்ச்சி இல்லை. டீயை மட்டும் குற்றம் சொன்ன ஆராய்ச்சியும் இல்லை. ஆனால், ‘வயிறு நிறைந்தால் போதும்’ என்ற எண்ணம் தவறு என்பதைக் குன்னூர் மலை அன்றே உலகுக்குச் சொல்லிவிட்டது. அந்த ஒற்றை அறை ஆய்வகம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்கிறது. டீயில் இருக்கும் டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. பெரியவர்களுக்கே இப்படி என்றால், இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் ஒரு வயதுக் குழந்தைக்கு? 5 வயதுக்குள் டீ, காபியே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. 2 வயதுக்குள் இனிப்புப் பானங்கள் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லியிருக்கிறது.

‘நாங்கள் வெள்ளைச் சர்க்கரை போடுவதில்லை, நாட்டுச் சர்க்கரைதான்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எதுவாக இருந்தாலும் வாயிலிருக்கும் பாக்டீரியாவுக்கு ஒன்றுதான். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் வெல்லம் இருக்கிறது. அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள், அது குழந்தைக்குத் தேவையான உணவு. கொழுக்கட்டையாகவோ கஞ்சியாகவோ சாப்பாட்டு நேரத்தில் கொடுத்து, பிறகு இரண்டு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தால் போதும். எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரு பிஸ்கட்டைச் சாப்பாட்டோடு தின்பது வேறு. கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சப்புவது வேறு.

அரிசியளவு பேஸ்ட், இரண்டு நிமிடம்

பல் முளைப்பதற்கு முன்பே தொடங்கலாம். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, ஈறுகளை மெதுவாகத் துடைத்துவிடுங்கள். வாயில் கை வைப்பது குழந்தைக்குப் பழகிவிடும். பின்னால் பிரஷ் வரும்போது சண்டை இருக்காது.

முதல் பல் தெரிந்த அன்றே பிரஷ் வாங்கலாம். சின்னத் தலை, மிக மிருதுவான நார் உள்ளதாகப் பாருங்கள். 1,000 பி.பி.எம். ஃபுளோரைடு இருக்கும் பேஸ்ட் வேண்டும். டியூபின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கென்று விற்கும் சில பேஸ்ட்களில் ஃபுளோரைடே இருக்காது. படத்தைப் பார்த்து வாங்காமல் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

3 வயது வரை ஓர் அரிசியளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்கக் கூடாது. அரிசியளவு என்றால் குழந்தை விழுங்கினாலும் பயமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதியில் இருப்பவர்கள் மட்டும் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாம்பல், கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் குழந்தைக்கு வேண்டாம்.

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. இரவு பிரஷ்தான் முக்கியம். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். குழந்தையை மடியில் படுக்க வைத்து, தலை உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டால் வாய் நன்றாகத் தெரியும். குழந்தை அழுதாலும் பரவாயில்லை. அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும். ஷூ லேஸைத் தானாகக் கட்டத் தெரிகிற வயது வரை, அதாவது 7, 8 வயது வரை, பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

அப்புறம் பாட்டில். ஒரே நாளில் பிடுங்க முடியாது. சர்க்கரையை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள். பிறகு பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் இரவுப் பாட்டிலில் தண்ணீர் மட்டும். பகலில் டம்ளர் பழக்குங்கள். நம் பாட்டிமார் பாலாடையில் புகட்டியது சரியான வழிதான். ஒரு வயதில் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் பாட்டிலுக்கு விடை கொடுத்துவிடலாம்.

மாமனுக்கு ஆகாதா?

முதல் பல் என்றால் கூடவே நம்பிக்கைகளும் முளைக்கும். மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். பற்கள் வரும் வரிசை குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் மாறும். மாமா நிம்மதியாக இருக்கலாம்.

‘பல் முளைக்குது, அதான் வயித்தால போகுது, காய்ச்சல் அடிக்குது’ என்பது இன்னொன்று. இதுதான் ஆபத்து. பல் முளைக்கும்போது எச்சில் வடியும், ஈறு ஊறும், குழந்தை எதையாவது கடிக்கும், உடம்பு லேசாகச் சூடாகலாம். கடும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல்லால் வருவதில்லை. பல் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஈறு ஊறினால் சுத்தமான விரலால் தேய்த்துவிடுங்கள், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல்களில் பென்சோகெயின் இருந்தால் 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடலாம். ஒரு வயதுக்குள் தேனும் நாக்கில் தடவக் கூடாது.

தடுப்பூசி நாளே பல் பார்க்கும் நாள்

‘வேலைக்குப் போகிற நாங்கள் இதையெல்லாம் எப்போது நினைவில் வைப்பது?’ நியாயமான கேள்வி. அதற்கும் குன்னூரிலேயே ஒரு விடை இருக்கிறது. 1907-ல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட், பின்னாளில் நாட்டுக் குழந்தைகளுக்கு முத்தடுப்பூசி மருந்தும் தயாரித்தது. தடுப்பூசி அட்டையை எந்தத் தாயும் தொலைப்பதில்லை. அந்த அட்டையையே பல் அட்டையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகள்: ஈறைத் துணியால் துடைக்கத் தொடங்கியாயிற்றா?

9 மாதத் தட்டம்மை - ரூபெல்லா ஊசி: பிரஷ் வாங்கியாயிற்றா? முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி வந்த பிறகு போவதுதான் நம் வழக்கம். அப்போது போனால் மருத்துவர் என்றாலே குழந்தைக்குப் பயம் ஒட்டிக்கொள்ளும். வலியில்லாத நாளில் போனால் அது ஐந்து நிமிட வேலை.

16 முதல் 24 மாத பூஸ்டர்: பாட்டில் நின்றுவிட்டதா?

5 வயது பூஸ்டர்: இனி 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். ‘இதுவும் விழும்’ என்று பலர் விட்டுவிடுவது இந்தப் பல்லைத்தான்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒருமுறை அரசு மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும் என்பது 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் ஏற்பாடு. அந்தப் பரிசோதனைப் பட்டியலில் பல்லும் இருக்கிறது. குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, ‘பல்லையும் பாருங்க’ என்று நீங்களே சொல்லலாம்.

எஸ்டேட் காப்பகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அம்மா மலையில் கொழுந்து பறிக்கும் எட்டு மணி நேரமும் குழந்தை ஆயாவிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய ஒரு பிரஷ், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் தண்ணீர், இனிப்பு டீக்குப் பதில் சர்க்கரை போடாத பால். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

ஏற்கெனவே சொத்தை வந்துவிட்டால்?

மாதம் ஒருமுறை, வெளிச்சமான இடத்தில் குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் பல்லில் ஓட்டை விழுந்திருக்காது. பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவார். இரவுப் பாட்டிலை நிறுத்தி, தினமும் பிரஷ் செய்தால் சொத்தை அங்கேயே நின்றுவிடலாம்.

பழுப்பாகிப் பள்ளம் விழுந்திருந்தாலும் வழி இருக்கிறது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால் அது பரவாமல் நிற்கும். ஊசி இல்லை, டிரில் சத்தம் இல்லை. சொத்தையான இடம் கறுப்பாகும், அவ்வளவுதான். இது 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. கையால் சுரண்டி எடுத்துச் சிமென்ட் அடைக்கும் முறையும் உண்டு. அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

இவையெல்லாம் தாண்டி, பல பற்கள் வேர் வரை கெட்டுவிட்டால்தான் மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யும் நிலை வரும். மலையில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் கோவை வரை இறங்க வேண்டிய பயணம். பஸ் செலவு, இழக்கும் நாள்கூலி, அழுகிற குழந்தை எல்லாம் சேரும். வெள்ளைக் கோட்டிலேயே பார்த்துவிட்டால் இத்தனையும் மிச்சம்.

இதைப் படிக்கும்போது, ‘என் பிள்ளை பல்லை நானே கெடுத்துட்டேனே’ என்று எந்த அம்மாவும் பாட்டியும் மனம் நோக வேண்டாம். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த அன்போடு கொடுத்த டீ அது. யாரும் சொல்லித்தராததால் நடந்தது. இன்று இரவு முதல் மாற்றிக்கொள்ளலாம். குழந்தை தூங்கப் போகும் முன் மடியில் படுக்கப்போட்டு, மேல் உதட்டைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். அரிசியளவு பேஸ்ட்டை எடுத்து மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் போதும்.